நத்தையோடு ஒரு படம்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் ஊர்க் கடையொன்றில் நான் அரைக்கால்சட்டை வாங்கிய கதையை என் மனிசன் இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. அந்த நாட்டில் பதினெட்டு வருடம் இருந்தும் டாக்குத்தரைத் தவிர வேறு ஒருவருக்கும் என் முழங்காலைக் காட்டியதில்லை. கடைக் கண்ணாடியில் பார்த்தேன், சகிக்கவில்லை. இருந்தாலும் வாங்கினேன். கூடவே ஒரு வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்தேன்.

"என்ன, படத்திலை நடிக்கப் போறியோ?" என்று மனிசன் கேட்டார்.

"ஓம். உல்லாசப் பயணியா நடிக்கப் போறன். நீங்கள் காரை எடுங்கோ."

இலங்கையில் போர் முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. டெனிஷ் ரேடியோ அதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டுக் காலநிலைக்குப் போய்விட்டது. எனக்கு எதுவும் முடியவில்லை. என் தங்கச்சி சண்டை நடந்த வன்னிக்குள் இருந்தாள். எனக்கு இருக்கும் ஒரே கூடப்பிறப்பு அவள். கடைசியாகப் பங்குனி மாதம் அவளுடைய குரலைக் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரேயொரு செய்தி வந்தது: காலில் கட்டோடு அவள், சனங்களை அடைத்து வைத்த முகாமுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதை யாரோ கண்டார்களாம். அந்த யாரோவைத் தேடிப் பிடிக்கவும் முடியவில்லை.

நான் அம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டேன். தங்கச்சியை என் கண்ணால் காணும்வரை மச்சம் மாமிசம் தொடமாட்டேன். மீன் குழம்பு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்பது அம்மனுக்கும் தெரியும். லேசான ஒன்றை நேர்ந்து அவளை ஏமாற்றுகிற ஆள் நானில்லை.

நேர்ந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் என்னால் முடியாது. நேரே போய்த் தேடுவது என்று முடிவெடுத்தேன். ஆனால் ஐரோப்பாவிலிருந்து நேரே கொழும்புக்குப் போய் இறங்கும் தமிழரை விமான நிலையத்தில் தனியாகக் கூப்பிட்டு, எந்த ஊர்வலத்தில் நின்றாய், யாருக்கு உதவினாய் என்று குடைகிறார்கள் என்று கதை அடிபட்டது. நானோ கொப்பன்ஹேகனில் கொட்டும் மழையில் பதாகை பிடித்தவள். அதனால்தான் இந்தத் திட்டம். கோடை விடுமுறைக்கு ஆசியா சுற்ற வந்த டென்மார்க்காரி நான். முதலில் வியட்நாம், பிறகு போகிற வழியில் சும்மா இலங்கை.

வியட்நாமைத் தந்தது என்னோடு தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் வரிசையில் நின்றவள். சின்ன வயதில் படகில் தப்பி வந்த வியட்நாம்காரி அவள். பதினொரு வருடமாக என் வலப்பக்கம் அவள்தான். திட்டத்தைச் சொன்னபோது, மற்றவர்களைப் போல் உனக்கு விசரா என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பெட்டிகளை அடைத்தாள். பிறகு டெனிஷில் சொன்னாள்:

"சைகோனில் மாலை நேரத்தில் தெருச்சாப்பாட்டுக் கடைகளுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். எல்லா உல்லாசப் பயணியும் போவான். போய்ச் சாப்பிடுகிற மாதிரி நிறையப் படம் எடு. அந்தப் படங்களைப் பார்த்தால் உன்னை ஒருவரும் சந்தேகப்பட மாட்டார்கள்."

விரதத்தைப் பற்றி அவளுக்கும் நான் சொல்லவில்லை. மச்சம் தொடாதவள் தெருச்சாப்பாட்டுச் சுற்றுலாவுக்குப் போவதில் உள்ள சிக்கல், நம்பினால் நம்புங்கள், எனக்குச் சைகோனில் முதல் கடைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

நாங்கள் ஐந்து பேர். ஒரு அவுஸ்திரேலியத் தம்பதி, இரண்டு ஒல்லாந்துப் பெண்கள், நான். வழிகாட்டிப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கையில் ஒரு சிவப்புக் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மோட்டார்சைக்கிள் வெள்ளத்துக்குள் காலை வைத்தாள். "நிற்கவேண்டாம், ஓடவேண்டாம், ஒரே சீராக நடந்து வாருங்கள். அவர்கள் விலகிப் போவார்கள்," என்றாள். கிரின்ஸ்டெட்டில் ஒரு கார் வந்தாலே நின்று பார்க்கிறவள் நான். அம்மாளாச்சி, தங்கச்சியைக் காணமுன்னம் என்னை இதிலை கொண்டு போயிடாதை என்று சொல்லிக்கொண்டே கடந்தேன்.

முதல் கடையில் அரிசித் தாளைக் கரியடுப்பில் வாட்டி, முட்டை ஊற்றி, காய்ந்த இறாலைத் தூவித் தந்தார்கள். மணம் மூக்கைத் துளைத்தது. நான் கமராவை வழிகாட்டியிடம் கொடுத்து, அதை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் எடுத்ததும் அவுஸ்திரேலியாக்காரரின் தட்டில் வைத்துவிட்டேன். மனிதர் நல்ல ஆகிருதி. நன்றி சொல்லி ஒரே வாயில் முடித்தார்.

"கொஞ்சம் சிரியுங்கள்," என்றாள் வழிகாட்டி, படத்தைப் பார்த்துவிட்டு.

அதுதான் அடுத்த சிக்கல். எங்கள் ஆட்கள் படத்துக்குச் சிரிக்கமாட்டார்கள். என் கலியாண அல்பத்தை எடுத்துப் பாருங்கள், மாப்பிள்ளை பொம்பிளை தொடக்கம் கடைசி வரிசை வரை எல்லோரும் அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரித்தான் நிற்பார்கள். படம் என்றால் நிமிர்ந்து நில், கையை நேரே விடு, மூச்சைப் பிடி. அப்படி வளர்ந்த முகம், சிரி என்றால் எங்கே சிரிக்கும்? அதுவும் அந்த நாட்களில்.

இரண்டாவது கடை நத்தைக் கடை. ஒழுங்கை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்ரிக் கதிரைகள். பேசின் பேசினாக நத்தைகள். தேங்காய்ப்பாலில் ஒன்று, புளியில் ஒன்று, பச்சைமிளகாய் உப்போடு சுட்டது ஒன்று. ஊசியால் குத்தி எடுத்துச் சாப்பிடவேண்டும். நான் கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன். ஆனால் மூளை சொன்னது: இதுதான் படம். கொழும்பில் எந்த அதிகாரி இதைப் பார்த்தாலும், நத்தை தின்கிறவள் எங்கள் ஊர்க்காரியாக இருக்கமாட்டாள் என்று முத்திரையைக் குத்தி விடுவான். தொப்பியைச் சரிப்படுத்தினேன், கறுப்புக் கண்ணாடியைத் தொப்பிக்கு மேல் ஏற்றினேன், ஊசியில் நத்தையைக் குத்தி முகத்துக்கு நேரே தூக்கினேன். வழிகாட்டி மூன்று தரம் சிரிக்கச் சொல்லிவிட்டு, கைவிட்டு, எடுத்தாள்.

அந்த நத்தையும் அவுஸ்திரேலியாக்காரருக்குப் போனது.

மூன்றாவது கடையில் என் வேசம் கலைந்தது. என் வயதை ஒத்த ஒரு பெண் நான்கு அடுப்புகளுக்கு முன்னால் குந்தியிருந்து, அரிசிமாவும் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்த மாவைத் தாச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாவு விழுந்ததும் 'ஸ்ஸ்' என்று சத்தம். தோசை மாதிரி மெல்லிசாக, ஓரம் மொறுமொறு என்று வரும். நடுவில் இறாலும் பன்றியிறைச்சியும் முளைப்பயறும் வைத்து மடித்துத் தருவாள். பதினொரு மணிக்குச் சாப்பிட்ட வாழைப்பழத்தோடு நின்ற எனக்கு அந்தச் சத்தத்திலேயே வாய் ஊறியது. படம் எடுத்தேன். தட்டை மெதுவாக அவுஸ்திரேலியாக்காரர் பக்கம் தள்ளினேன்.

அடுப்படிப் பெண் அதைக் கண்டுவிட்டாள். கரண்டியை வைத்துவிட்டு வழிகாட்டியிடம் ஏதோ கேட்டாள்.

வழிகாட்டி என் பக்கத்தில் வந்து குந்தினாள். "நீங்கள் எல்லாவற்றையும் படம் எடுக்கிறீர்கள், ஒன்றையும் சாப்பிடவில்லை. தன் கடை துப்புரவு இல்லை என்று நினைக்கிறீர்களோ என்று அவர் கேட்கிறார்."

எனக்கு முகம் எரிந்தது. ஒரு பெண் நெருப்புக்கு முன்னால் குந்தியிருந்து சுட்டுத் தந்ததை நான் தள்ளிவிட்டிருக்கிறேன். என் வீட்டில் ஒருத்தி இப்படிச் செய்தால் அவளை வாசலோடு அனுப்பியிருப்பேன். அந்த வெட்கத்தில், ஒருவருக்கும் சொல்வதில்லை என்று இருந்ததெல்லாம் வெளியே வந்தது. என் உடைந்த ஆங்கிலத்தில் தங்கச்சியைச் சொன்னேன், முகாமைச் சொன்னேன், அம்மனுக்கு வைத்த நேர்த்தியைச் சொன்னேன், கொழும்பில் காட்டப்போகிற படங்களையும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தொப்பியோடு அழுதால் எப்படியிருக்கும் என்று யோசிக்கக்கூட நேரமில்லை.

வழிகாட்டி அதை அப்படியே அந்தப் பெண்ணுக்கு மொழிபெயர்த்தாள். கேட்டு முடிய அந்தப் பெண் எழும்பி, ஒரு தாச்சியைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவினாள். புது எண்ணெய் விட்டாள். மாவை ஊற்றி, அவித்த பாசிப்பயறும் முளைப்பயறும் காளானும் மட்டும் வைத்து மடித்தாள். ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அவளும் மச்சம் தொடமாட்டாளாம், அதனால் இதையெல்லாம் ஆயத்தமாக வைத்திருப்பாளாம். பிறகு இரண்டு தட்டுகளை என் முன்னால் வைத்தாள். ஒன்றில் இறால் வைத்தது, மற்றதில் பயறு வைத்தது. விரலால் காட்டி ஏதோ சொன்னாள்.

"இது அதிகாரிக்கு, இது உங்களுக்கு என்கிறார்," என்றாள் வழிகாட்டி.

தொட்டுக்கொள்ள வைத்திருந்த மீன்சாற்றுக் கிண்ணத்தையும் அந்தப் பெண்ணே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பயறு வைத்ததை நான் உப்போடும் தேசிக்காய்ப் புளியோடும், இலைகளில் சுற்றி, கடைசித் துண்டு வரை சாப்பிட்டேன். அன்றைக்குத்தான் பல கிழமைகளுக்குப் பிறகு எனக்கு வயிறு நிரம்பியது. அடுத்த நாள் நத்தைப் படத்தோடு ஐந்தாறு படங்களைக் கடையில் கொடுத்துக் கடதாசியில் எடுத்து, ஒரு கவரில் போட்டுக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொண்டேன்.

கொழும்பில் இறங்கியதும் கவரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். அதிகாரி கடவுச்சீட்டைத் திறந்தார், வியட்நாம் முத்திரையைப் பார்த்தார், கொட்டாவி விட்டார், குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். நான் கவரைத் திறக்கக்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள், திரும்பிப் போய், ஐயா, இந்தப் படத்தைப் பாரும் என்று சொல்லலாம்போல் இருந்தது.

வவுனியாவில் சித்தி இருந்தார். அரைக்கால்சட்டையைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டு, தன் சீத்தைப் பாவாடை ஒன்றைத் தந்தார். "வேலியடியிலை வாயைத் திறக்காதை பிள்ளை. உன்ரை கதையிலை டென்மார்க் மணக்குது," என்றார். அவர் மூன்று கிழமையாக முகாம் வேலிக்குப் போய், களைத்து, கைவிட்டிருந்தார். நான் கைவிடவில்லை. வேலிக்கு உள்ளே நிற்கிறவர்களிடம் பெயரையும் ஊரையும் சொன்னால் அவர்கள் அடுத்த வரிசைக் கூடாரத்துக்குச் சொல்வார்கள், அங்கிருந்து அதற்கடுத்த வரிசைக்குப் போகும். அப்படித்தான் ஆட்களைத் தேடினார்கள். வாயைத் திறக்காதே என்ற சித்தியின் சொல்லை முதல் நாளே காற்றில் விட்டேன். மூன்று நாள் தொண்டை கட்டும்வரை தங்கச்சியின் பெயரைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் தடியொன்றை ஊன்றிக்கொண்டு வந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். எங்களுக்கு நடுவில் இரண்டு முட்கம்பி வேலிகள், இடையில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி. கை எட்டாது. அவள் என்னைப் பார்த்தாள், பேசவில்லை, அழவில்லை. அந்த முகம் எனக்குப் பயத்தைத் தந்தது. உயிரோடு கண்டும் இவளை இழந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

என்ன செய்வது என்று தெரியாமல் பையைத் துழாவினேன். கவர்தான் கையில் வந்தது. இரண்டு வேலிக்கும் நடுவில் காவலுக்கு நின்ற ஆமிப் பொடியன் வாங்கிப் பார்த்தான். நத்தைப் படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் படத்தைப் பார்த்தான். பிறகு உள்வேலிப் பக்கம் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தான்.

அவள் கனநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

"ஏன் அக்கா நத்தையோடை கோவிச்சுக்கொண்டு நிக்கிறாய்?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். தடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். சிரித்து முடிய அழுதாள். நானும் அழுதேன். என் தங்கச்சி திரும்பி வந்துவிட்டாள் என்று அப்போதுதான் நம்பினேன்.

நேர்த்தியைச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காணுமட்டும் எண்டுதானே நேந்தனீ? கண்டிட்டாய். இண்டைக்குச் சித்தி வீட்டிலை மீன் சாப்பிடு," என்றாள்.

"இல்லை. நீ இந்தக் கம்பிக்கு வெளியாலை வரோணும். அதுவரைக்கும் தொடமாட்டன்."

"உனக்கு விசரக்கா. அது எப்ப எண்டு ஆருக்குத் தெரியும்?"

"எப்பவெண்டாலும் வரட்டும். நான் இருக்கிறன்."

திரும்பி வந்து கிரின்ஸ்டெட்டில் பெட்டி அடைத்தேன். இந்தத் தடவை வலப்பக்கத்தில் நின்றவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பெட்டி கொண்டுவரத் தொடங்கினாள், ஒன்று தனக்கு, ஒன்று மச்சம் இல்லாமல் எனக்கு. இலையுதிர்காலம் போனது, மார்கழி போனது.

தை மாதம், பனி கொட்டிய ஒரு மத்தியானம், சாப்பாட்டறையில் என் கைத்தொலைபேசி அடித்தது. சித்தியின் நம்பர். எடுத்தால் தங்கச்சியின் குரல்.

"அக்கா, நான் சித்தி வீட்டிலை நிக்கிறன்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். பக்கத்தில் இருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். எனக்கென்று கொண்டுவந்த பெட்டியை எடுத்து மூடினாள். தன்னுடைய பெட்டியை என் பக்கம் தள்ளினாள். உள்ளே இறால் இருந்தது. தங்கச்சி மறுமுனையில் கதைத்துக்கொண்டிருக்க, நான் அழுதழுது சாப்பிட்டேன்.