அனுமதி இல்லாத அலைவரிசை

ஈப்போ நகரத்து அமெச்சூர் ரேடியோக்காரர்கள் அனைவரும் கேட்க, "பொம்பளைக்கு எதுக்குலா ரேடியோ?" என்று சேகர் அண்ணன் என்னைக் கேலி செய்து சிரித்தார். பழிவாங்கவே என் ரேடியோவைத் திறந்து, அனுமதி இல்லாத அலைவரிசைகளில் பேசவிடாமல் தடுக்கும் டயோடை நீக்கினேன். சட்டப்படி அது குற்றம். ஆனால் அவர் மேற்பார்வையிடும் எஸ்டேட் காவலாளிகளின் அலைவரிசையிலும் இனி நான் பேசலாம். அவருடைய ஆட்கள் கேட்கவே அவரைத் திட்டக் காத்திருந்தேன்.

ஒரு நாள் அந்த அலைவரிசையில் அவர் குரல் பதறி வந்தது. "யாராச்சும் இருக்கீங்களா? நம்ம ஆள பாம்பு கடிச்சிருச்சு. போன்ல லைன் கிடைக்கல. ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!"

யாரும் பதில் சொல்லவில்லை. நான் என் பெயரைச் சொன்னேன்.

"தங்கச்சி, கெஞ்சிக் கேக்குறேன்மா."

போனைக் கையில் வைத்துக்கொண்டே, "இன்னொரு தடவ கேளுங்கண்ணே" என்றேன். அழுதுகொண்டே கேட்டார். பிறகுதான் அழைத்தேன்.

அந்தக் காவலாளி பிழைத்துக்கொண்டார். சேகர் அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுகிறார். அவருடைய அழுகை அன்று எனக்கு இனித்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.