கையை எடுத்தும் நிற்காத எழுத்து

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. கதை அவளைப் பற்றியது என்பதால் நடுவில் நடுவில் மறிக்கிறாள். "நா அழுதேன்னும் போடணுமா அம்மாயி?" என்கிறாள். போடத்தான் வேண்டும். அழுதாள்.

அது சண்டைக் காலம். பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் இறக்கி, பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அதற்கும் முந்திய கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகள் எரிந்துபோயின. தோட்டத்தை விட்டு வந்து, கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஒரு சிங்கள வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் குடியிருந்தோம். நல்ல மனிதர்கள். பலாக்காய் சமைத்தால் எங்களுக்கும் ஒரு கோப்பை வரும். அந்தப் பலாக்காயைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன், விடுங்கள்.

பேத்தி டைப்பிங் படித்திருந்தாள். கண்டியில் ஒரு கந்தோரில், அதாவது ஆபீசில், தமிழில் தட்ட ஆள் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சோதனை. அதில் தேறினால் அந்த வேலை. தவறினால் பல்லேகல தையல் ஃபெக்டரி என்று வீட்டில் பேசி முடிந்திருந்தது. ஃபெக்டரியில் அவளுக்கு இஷ்டமே இல்லை. வெளிநாடு போன ஒரு டீச்சர் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில்தான் தட்டிப் பழகுவாள். கட்டை கட்டையாக இருக்கும் கீபோர்டில், ஒவ்வொரு கட்டையிலும் தமிழ் எழுத்தைக் குட்டியாக ஒட்டி வைத்திருந்தாள்.

ஒரு பின்னேரம் தட்டிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கையை உதறினாள்.

"என் வெரலு சரியில்ல அம்மாயி. ஒரு தடவ அமுக்குனா பத்து எழுத்து விழுது. டைப்பிங் மிஸ் அப்பவே சொன்னாங்க, ஒனக்கு ஒரலு இடிக்கிற கைன்னு."

"கை நல்லாத்தானே இருக்கு."

"நா சோதனைக்குப் போகல. அத்தன பேரு முன்னுக்கு அசிங்கப்பட என்னால ஏலாது."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கண் என்னவோ கம்ப்யூட்டர் பக்கமே போனது. பாதி திறந்த பெட்டி மாதிரி ஓர் எழுத்து. அது ஒன்றன் பின் ஒன்றாக, கட்டெறும்பு போகிற மாதிரி, வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. இவள் கை இரண்டும் முகத்தில் இருக்கின்றன!

"அடியே, நிமிந்து பாரு! நீ கைய எடுத்தும் அது பாட்டுக்கு எழுதுது!"

டைப்பிங் வகுப்பில் பார்த்துத் தட்ட வேண்டிய தாளில் மட்டும்தான் கண் இருக்க வேண்டுமாம். அதனால் வரி முடிந்த பிறகுதான் இவள் நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்தால் பத்து எழுத்து நிற்கும். தன் விரல்தான் கட்டையை விட மறுக்கிறது என்று நினைத்துவிட்டாள்.

கோளாறு அவள் விரலில் இல்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். ரேடியோவில் ஒரு ஸ்டேஷனுக்குள் இன்னொரு ஸ்டேஷன் வந்து கலக்குமே, அது மாதிரி வேறு யாரோ எழுதுவது இதற்குள் வந்து விழுகிறது என்று சொன்னேன். பேத்தி அழுகையோடு சிரித்தாள். கரண்ட் குறைவாக வருகிறது, கொஞ்சம் ஆறவிடு என்றேன். அணைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம். திரும்பப் போட்டதும் அதே எழுத்து ஓடியது. என் வைத்தியம் அவ்வளவுதான்.

அவளுக்கு இப்போது பயம் போய் ஆராய்ச்சி வந்துவிட்டது. கீபோர்டின் வயரைப் பிடுங்கினாள், எழுத்து நின்றது. மாட்டினாள், ஓடியது. "அப்ப கோளாறு பெட்டியில இல்ல, இதுலதான்" என்று கீபோர்டைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். செத்த எறும்பு, தோசைத் துணுக்கு, ஒரு ஊக்கு எல்லாம் விழுந்தன. அந்த ஊக்கை நான் எங்கெல்லாம் தேடினேன்! கொஞ்ச நேரம் நன்றாக இருந்தது. பிறகு மறுபடியும் அதே எழுத்து ஓட ஆரம்பித்தது.

சனிக்கிழமை கீபோர்டைப் பையில் போட்டுக்கொண்டு, திகனவில் கம்ப்யூட்டர் திருத்தும் நானா கடைக்குப் புறப்பட்டோம். நானா என்றால் முஸ்லிம் ஆட்கள் பேச்சில் அண்ணன். என்னை விட வயதில் சின்னவர், ஆனாலும் ஊரே நானா என்பதால் நானும் நானா என்றே கூப்பிடுவேன். பல்லேகலயில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரப் பையன் எங்கள் பையைத் திறந்தான். உள்ளே வயர் சுற்றிய பலகை. அவன் முகம் மாறியது.

"மேக்க மொக்கக்த?"

இது என்ன என்று கேட்கிறான். பேத்திக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான்தான், "மாத்தயா, மேக்க தனியம லியனவா" என்றேன். ஐயா, இது தானாக எழுதுகிறது என்று அர்த்தம். விரலைக் காற்றில் ஓட்டியும் காட்டினேன். அவன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சிரித்துவிட்டான். அப்படியானால் என் வீட்டுக்கும் ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லு ஆச்சி என்றான். பஸ்ஸில் ஏறிய பிறகும் பேத்தி என் கையை விடவில்லை.

நானா பலகையைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார், எழுத்து ஓடியது. அந்த ஒரு கட்டையை மட்டும் சின்ன ஸ்குரூ டிரைவரால் நெம்பிக் கழற்றினார். அடியில் மஞ்சளாக என்னவோ காய்ந்து இறுகியிருந்தது. நானா மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"சந்தனமல்லவா இது! என்ன புள்ள, கீபோர்டுக்குக் கலியாணமா?"

பேத்தி தலையைக் குனிந்துகொண்டாள். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு கீபோர்டையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தோம். எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தவள், சோதனை நல்லபடி முடிய வேண்டும் என்று தன் பெயரின் முதல் எழுத்துக்கு மட்டும் தாராளமாக அப்பியிருக்கிறாள். மேலே இருந்ததைத் துடைத்தாள். உள்ளே வழிந்ததை யார் கண்டது? அது இறுகி, அமுக்கிய கட்டையை மேலே எழும்ப விடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

"வெட்கப்பட ஒண்டுமில்ல. நம்மட ஒராள் மவுசுக்கு அத்தர் பூசிக் கொண்டுவந்தாரு. கட முழுக்க இன்னும் அந்த வாசம்தான் ஈக்கி" என்றார் நானா.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, காயவிட்டு, கட்டையைத் திரும்பப் பொருத்தினார். "தட்டிப் பாருங்க" என்றார். பேத்தி ஒரு தடவை அமுக்கினாள். ஓர் எழுத்து. திரும்ப அமுக்கினாள். இன்னோர் எழுத்து, அவ்வளவுதான். அவள் வேகமாகத் தட்டத் தொடங்கினாள். இந்த முறை தாளில்லை, கண் முழுக்கத் திரையில்தான். அவள் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தடவைகூட அவள் கையை உதறவில்லை, அது தெரிந்தது.

திங்கட்கிழமை கந்தோர் வாசலில் நான் காத்திருந்தேன். உள்ளே இருந்து தடதடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. அதில் எது இவளுடைய சத்தம் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள்.

"எப்பிடிடி?"

"எனக்குக் குடுத்த கீபோர்டுல ஒரு கட்ட எழும்பவே இல்ல அம்மாயி."

"ஐயோ, அப்பறம்?"

"அப்பறம் என்ன? கையத் தூக்குனேன். சேர், இது கோளாறு, வேற ஒண்ணு குடுங்கன்னேன். குடுத்தாங்க."

"அத்தன பேரு முன்னுக்கா?"

"ஆமா. எனக்குப் பசிக்குது, வாங்க போவோம்."