குமுளி என்னும் வெளிநாடு

கூடலூரில் பஸ் மாற இறங்கிய நான், 'சர்வதேச இளையோர் கால்பந்துப் போட்டி' என்ற பேனரைப் பார்த்ததும் மைதானத்துக்கு ஓடுகிறேன். பேனரில் பதினாறு நாட்டுக் கொடிகள். மைதானத்தில் இரண்டே அணிகள்: ஒன்று கூடலூர், மற்றொன்று கேரள எல்லையிலிருந்து ஏலத்தோட்ட ஜீப்பில் மலையிறங்கி வந்த குமுளி.

"வெளிநாட்டு டீம் எங்கண்ணே?" என்று மைக்கோடு நிற்கும் அமைப்பாளரைக் கேட்கிறேன்.

"அங்கன நிக்கிறாகல்ல? செக்போஸ்ட்டு தாண்டித்தான தம்பி வந்திருக்காக! போன வருசமும் கப்ப அவுகதான் தூக்கிட்டுப் போனாக. இந்தத் தடவ விடமாட்டோம்."

கடைசி நிமிடத்தில் குமுளி கோல் போடுகிறது. அமைப்பாளர் தலையில் கை வைக்கிறார். கோல் போட்டவன் நேராக ஓடிவந்து, "மாமா!" என்று அவரைக் கட்டிக்கொள்கிறான்.

அவர் மைக்கைத் தட்டுகிறார். "கப்பு வெளிநாட்டுக்கெல்லாம் போகலப்பா. எங்க அக்கா வீட்டுக்குத்தான் போகுது!"