பின்னுக்குத் தள்ளிய அரை மணி

பத்து வயதில் நான் ஒரு கைக்குழந்தையைத் தினமும் அரை மணி நேரம் பசியில் அழவிட்டேன். அறியாமல் நடந்ததல்ல. கடிகாரத்தின் முள்ளை என் கையாலேயே திருப்பி வைத்துச் செய்தேன்; பருத்தி எடுப்பு முடியும்வரை செய்தேன்.

நெருப்பெரிச்சல் என்ற ஊருக்கு வடக்கே என் அம்மாவின் தம்பிக்குப் பருத்திக் காடு இருந்தது. பருத்தி எடுக்க வரும் பெண்களுக்கு விடிந்தால் வேலை, பொழுது இறங்கினால் வீடு. நடுவில் எப்போது விடுவது என்பது மாமாவின் வாய்ச்சொல்தான். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையை வேப்பமரத்துத் தூளியில் போட்டுவிட்டு, அது அழுவதைக் கேட்டுக்கொண்டே பருத்தி எடுப்பார்கள்.

அவர்களில் ஒருத்தி மாராள். அன்று அப்படித்தான் சொல்வோம். இனி மாராளம்மா என்றே எழுதுகிறேன். இருபத்தைந்து வயதிருக்கும். அந்த வருடம் சுற்றுவட்டக் காடுகளின் பெண்களையெல்லாம் கூட்டிப் பேசி, வெடித்த பருத்தி செடியிலேயே நிற்க, மூன்று நாள் ஒருவரும் காட்டில் இறங்காமல் செய்தார். கேட்டது ஒன்றுதான். காலை பத்தரைக்கு மணி அடிக்க வேண்டும்; பால் கொடுக்கிறவர்கள் போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

நான்காம் நாள் கோடை மழைக்கு மேகம் கறுத்தது. பருத்தி நனைந்தால் போயிற்று. மாமா ஒத்துக்கொண்டார். மோட்டார் ரூமில் சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றை மாட்டினார். வேம்பில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டார். அடிப்பது யார் என்று பேச்சு வந்தபோது என்னைக் காட்டினார். பள்ளிக்கூடம் லீவு, மணி பார்க்கத் தெரியும், சின்னப் பையன் பொய் சொல்லமாட்டான் என்றார். எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் காலை மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை ஏற்றிவிட்டார். “முள்ள அரை மணி பின்னால தள்ளி வெச்சிரு மாப்ள. இது நம்ம ரெண்டு பேரு சமாச்சாரம்” என்றார். ஒரு பெரிய மனிதரின் ரகசியத்தில் எனக்கும் பங்கு கிடைத்துவிட்டது. அதற்குமேல் எந்தக் கூலியும் எனக்குத் தேவைப்படவில்லை.

தூளியில் அதிகம் அழுதது மாராளம்மாவின் பெண்குழந்தைதான். ஒருநாள் அவர் பாத்தியை விட்டு வந்து மோட்டார் ரூம் வாசலில் நின்றார். மாராப்பு நனைந்திருந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

“ஏனுங்க சாமி, மணி என்னங்க?”

“பத்துதான் ஆகுது, போ.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காட்டின் பக்கம் திரும்பி, “சாமி பத்துங்கறாரு. பத்தாவே இருந்துட்டுப் போகட்டும், எடுங்க புள்ளே” என்றார். பெண்கள் சிரித்தார்கள். தந்திரம் பலித்துவிட்டது என்று நானும் சிரித்தேன்.

எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அந்த ஈரம் என்னவென்று தெரிந்தது. தெரிந்தும் நாற்பது வருடம் வாய் திறக்கவில்லை. கல்லூரியில் பாடம் நடத்தினேன், ஓய்வு பெற்றேன். மாராளம்மா அதற்குள் வெள்ளகோவில்வரை காடு காடாகப் போய்ச் சங்கம் கட்டினார். இரண்டு முறை சிறைக்கும் போனார்.

சென்ற வருடம் அவரைத் தேடிப் போனேன். வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் மகளோடு இருந்தார். தூளியில் அழுத அதே மகள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அது அன்னைக்கே தெரியுமே கண்ணு” என்றார். “மாரு கனத்துருமல்ல, அதுக்குக் கடியாரம் எதுக்கு? உன்னையப் பொய்யின்னு சொல்லியிருந்தா உங்க மாமன் மணியவே கழட்டியிருப்பாரு. மணின்னு ஒண்ணு மொதல்ல நிக்கட்டும்னு பல்லக் கடிச்சுட்டு இருந்தோம். அடுத்த வருசம் கடியாரத்தப் பாக்க எங்காளு ஒருத்திய நிறுத்துனோம்.”

மன்னிப்புக் கேட்டேன். அதை மகளிடம் கேட்கச் சொன்னார். மகளோ, தனக்கு அந்தப் பசி ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டு வேறொன்று கேட்டார். அவருடைய மகள், மாராளம்மாவின் பேத்தி, கைக்குழந்தைக்காரி; பனியன் கம்பெனியில் டைலர். கம்பெனியிலேயே குழந்தைகளுக்கு ஓர் அறை இருக்கிறது. ஆனால் ஷிப்டு நடுவே தாய்மார்களை அங்கே விடுவதில்லை. “படிச்ச கையிங்களே, ஒரு மனு எழுதிக் குடுங்க” என்றார்.

அந்தக் கம்பெனி நிற்பது மாமாவின் பருத்திக் காட்டில். நடத்துவது மாமாவின் மகன். மனுவை எழுதி, என் பெயரையும் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். “ஏனுங்க மச்சான், நீங்களே இப்பிடிப் பண்ணுனா எப்பிடீங்க?” என்றான். அந்தத் தை மாதம் அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஆனால் சித்திரையில் தாய்மார்களுக்கு அனுமதி வந்தது: காலையில் கால் மணி, பிற்பகலில் கால் மணி.

அன்றே லைன் வீட்டுக்கு ஓடினேன். மாராளம்மா கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

“நல்லதாச்சு கண்ணு” என்றார். “அங்க கடியாரத்தப் பாக்கறது யாரு?”

அதைக் கேட்டு வர எனக்குத் தோன்றவில்லை.