கன்னத்துப் புண்ணுக்கு டி.என்.ஏ டெஸ்ட்

என் இடது கன்னத்துத் தழும்பை மறைக்க என்னென்னவோ க்ரீம் இருக்கிறதாம். பார்க்கிறவர்களெல்லாம் சொல்கிறார்கள். மறைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

அப்பா வடக்கே பிகானேரில் இட்லிக் கடை போட்டார். அந்த ஊர்க்காரர்களுக்கு இட்லி இறங்கவில்லை. கடையை மூடிவிட்டு அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு பாளையம்பட்டியில் பெரியப்பா வீட்டுக்கே திரும்பி வந்தார். அப்போது நான் மூணாப்பு. வந்த கொஞ்ச நாளில் கன்னத்தில் ஒரு கொப்புளம் கிளம்பியது. வலிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை. உடைந்து, காசு அகலத்துக்குப் புண்ணாகிவிட்டது.

பெரியம்மா பார்த்துவிட்டு அக்கி என்றார். மண்பானை செய்கிற வேளார் வீட்டுக்குப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தோம். அவர் காவியைக் குழைத்துக் கன்னத்தில் ஒரு சிங்கம் வரைந்துவிட்டார். எனக்கு ஏகப் பெருமை, தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தேன். சிங்கம்தான் அழிந்தது, புண் பெரிதாகிக்கொண்டே போனது. பெரியம்மாவுக்குக் குஷ்டமோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

"பெருநோயா இருந்தா என்னத்தப் பண்றது? பிள்ளைக புழங்குற வீடுல்ல இது!"

என் தட்டும் டம்ளரும் தனியாகிவிட்டன. பள்ளிக்கூடமும் நின்றது. அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்.

மதுரையில் தோல் டாக்டரம்மா மிச்சமிருந்த காவியைத் துடைத்துக்கொண்டே திட்டினார். புண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புண்ணியவதி அத்தோடு விடவில்லை. பிகானேரில் இருந்ததைத் திரும்பத் திரும்ப விசாரித்துவிட்டு, புண் ஓரத்தில் துளி சதை எடுத்து டி.என்.ஏ டெஸ்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

அவ்வளவுதான், அம்மா எழுந்துவிட்டார். டி.வி. சீரியலில் டி.என்.ஏ டெஸ்டென்றால் பிள்ளைக்கு அப்பன் யாரென்று பார்ப்பதுதானே!

"அவுக இந்தா பக்கத்துலதான உக்காந்திருக்காக! எம்பிள்ள யாருக்குப் பெறந்துச்சுன்னு இங்க யாரு கேட்டா?"

டாக்டரம்மா சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது. "உங்க பிள்ளை யாருன்னு பார்க்கலைம்மா. புண்ணுக்குள்ள குடியிருக்கிறது யாருன்னு பார்க்கப்போறோம். கண்ணுக்குச் சிக்காத கிருமியையும் அதோட டி.என்.ஏ காட்டிக்கொடுத்துரும்."

ரிசல்ட் வரும்வரை பெரியப்பா வீட்டில் ஒருவரும் என் பக்கம் அண்டவில்லை. அப்பா மட்டும் நான் மிச்சம் வைத்த சோற்றை எடுத்துச் சாப்பிடுவார். தினமும் காலையில் எல்லோரும் பார்க்க, பிளாஸ்திரி ஒட்டிய கன்னத்தில் தன் கன்னத்தை வைத்து அழுத்திவிட்டுத்தான் வெளியே கிளம்புவார்.

பெருநோய் இல்லை என்று வந்தது. பிகானேர்ப் பக்கத்து மணல் ஈ கடித்தால் உள்ளே இறங்குகிற ஒட்டுண்ணியாம், தொட்டால் ஒட்டாதாம். புண்ணைச் சுற்றி ஊசி போட்டார்கள், மெல்ல ஆறிவிட்டது. பெரியம்மா தன் தட்டிலேயே சோற்றைப் பிசைந்து, அழுதுகொண்டே எனக்கு ஊட்டினார். டாக்டரம்மா எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.

தொட்டால் ஒட்டாது என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் அப்பாவுக்கும் தெரியும். அதுவரை, வந்தால் தனக்கும் வரட்டும் என்றுதான் அந்தக் கன்னத்தை வைத்திருக்கிறார். நானோ ஒவ்வொரு காலையிலும், "தாடி குத்துது, போப்பா" என்று அவரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.