பாக்கியம் அக்காவும் உபரி என்ற சொல்லும்

செய்தி என்னிடம் ஒரு சந்தேகமாக வந்து சேர்ந்தது. போர்ட் பிளேரை அடுத்த வண்டூரில் என் வீட்டுக் குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் வராத எரிச்சலில் இருந்தபோது, ட்ரஸ்ட் ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். நான் அங்கே கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

“சார், பாக்கியம் மேடம் ஃபைல்ல ஒரு டவுட்.”

“என்ன ஃபைல்?”

“க்ளோஸ் பண்ணணும் சார். காலையில எக்ஸ்பயர் ஆயிட்டாங்க. ஸ்டாஃப் சலுகை போடலாமான்னு தெரியல. ரூல்ல ‘பணியில் உள்ளவர்’னு மட்டும்தான் இருக்கு. அவங்க ரிட்டயர்ட் ஆச்சே.”

சலுகையைப் போட்டுவிடுங்கள் என்றேன்.

“ரூல்ல இல்லையே சார்.”

“அந்த ரூலை எழுதினவனே நான்தாம்மா.”

“அதனாலதான் சார் உங்ககிட்ட கேக்கறேன்.”

பஸ் பிடித்து போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தபோது, பாக்கியம் அக்காவின் தங்கை சரசு முழுத் தொகையையும் கட்டி உடலை வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். வருடக்கணக்கில் பில்லிங் கவுன்டரில் உட்கார்ந்திருந்த மனிதரின் கடைசி பில்லில் சலுகை என்ற கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டது அந்தப் பெண்ணின் குற்றமில்லை. ‘பணியில் உள்ளவர்’ என்று நான் எழுதிய நாளில், ஓய்வு பெற்றவர்களுக்கும் நோய் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவரை அறிந்தவர்கள்தான் இதை வாசிக்கப் போகிறீர்கள். ஆனாலும் சிலவற்றை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். இலங்கை மலைநாட்டில் பிறந்து, பதினைந்து வயதில் குடும்பத்தோடு கப்பலேறி, கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். கணவர் தோட்டத்தில் பால் வெட்டினார். அக்கா தோட்டத்து மருந்தகத்தில் பெயர் பதியும் வேலை பார்த்தார். சுனாமி வந்த அன்று அவர் அப்பாவின் கண் சிகிச்சைக்காக போர்ட் பிளேரில் இருந்தார். கணவர் கட்சாலில் இருந்தார். இதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். “அவரு அன்னைக்கு லீவு போட்டு எங்ககூட வாறேன்னாரு. வீண் செலவுன்னு நான்தான் வேணான்னேன்.” அவ்வளவுதான்.

சுனாமிக்குப் பின் உலகெங்கிலுமிருந்து வந்த நன்கொடையில் சில ஆஸ்பத்திரிகள் முளைத்தன. எங்களுடையதும் அப்படி வந்ததுதான். முதலாளி கிடையாது, பங்குதாரர் கிடையாது, வருவதெல்லாம் ஆஸ்பத்திரிக்கே என்று வாசலில் பலகை வைத்திருந்தோம். தமிழ், இந்தி, வங்காளம், கொஞ்சம் சிங்களம், கொஞ்சம் நிக்கோபாரி என்று ஐந்து மொழி பேசும் ஒருவர் நிவாரண முகாமில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அக்காவைக் கூப்பிட்டு பில்லிங் கவுன்டரில் உட்கார வைத்தவன் நான். என் முப்பது வருட உத்தியோகத்தில் எனக்கு இத்தனை தலைவலி கொடுத்த நியமனம் வேறு இல்லை.

அவர் பில்லை நீட்டிவிட்டுப் பணத்தை வாங்க மாட்டார். முதலில் வாசிப்பார். வரிவரியாக, எதிரில் நிற்பவரின் மொழியில். “இது படுக்கைக்கு. இது டாக்டர் வந்து பாத்ததுக்கு, மூணு தடவை. இது கையுறை, பஞ்சு, ஊசி.” ஒருநாள் ஒரு வங்காளி மீனவர், “தீதி, மூணு நாள்ல இவ்வளவு கையுறையா? என்னைத் தொட்டதே ரெண்டு பேர்தானே” என்று கேட்டார். அக்கா பில்லை அவர் கையிலேயே கொடுத்து, வார்டில் போய்க் கேட்டு வரச் சொன்னார். வரிசை வாசல் வரை நீண்டது. வார்டு சிஸ்டர் என் அறைக்கு வந்து கத்திவிட்டுப் போனார். நான் அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்தேன்.

“பில்லுங்கிறது அவங்களுக்கு நாம எழுதுற கடுதாசி சார். வாசிக்கத் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டாம எப்படி?”

“வரிசை நிக்குதே அக்கா.”

“நிக்கட்டும். ஆஸ்பத்திரியில நிக்காம எங்க நிக்கப் போறாங்க.”

இப்படிப்பட்ட பதிலை வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி என்ன செய்ய முடியும்? அலுவலகத்தில் அவர் என்னை ‘சார்’ என்பார். ‘தம்பி’ என்று ஆரம்பித்தால் சண்டை வரப்போகிறது என்று அர்த்தம்.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒருமுறை மருந்துக் கடையில் சலைன் பாட்டிலுக்கு மேன்லேண்டைவிட அதிகம் வாங்குகிறார்கள் என்று நோயாளிகள் நடுவிலேயே மருந்தாளுநரைப் பிடித்துக்கொண்டார். கப்பல் சரக்குக் கூலி சேர்ந்தால் அவ்வளவுதான் வரும் என்று நான் ரசீதுகளைக் காட்டினேன். மறுநாள் காலை அதே இடத்தில், அதே உரத்த குரலில், “நேத்து நான் சொன்னது தப்பு, இவரு மேல குத்தமில்ல” என்று கூட்டத்துக்கு அறிவித்தார். மருந்தாளுநருக்கு முதல் நாளைவிட அன்றுதான் அதிகக் கூச்சமாக இருந்தது.

ஆண்டு விழாவில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சென்னையிலிருந்து செயலாளர் வந்திருந்தார். இந்த ஆண்டு உபரி சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது என்று அவர் சொன்னதும் கைதட்டினோம். அக்கா எழுந்து நின்றார்.

“உபரின்னா லாபந்தானேங்க?”

செயலாளர் சிரித்தார். “இல்லம்மா. லாபம்னா யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. இது திரும்ப ஆஸ்பத்திரிக்கே வருது. போன வருஷ உபரிலதான் ஸ்கேன் மெஷின் வாங்கினோம்.”

“மெஷின் வந்த பொறகு ஸ்கேன் எடுக்கச் சொல்றது கூடிருச்சுங்களே. பில்லு நான்தான் போடுறேன். மெஷினுக்குப் பசிக்குது, ஆளைக் குடுக்கிறோம்.”

யாரும் கைதட்டவில்லை. செயலாளர் கேக் வெட்டப் போய்விட்டார்.

அன்று மாலை அவரை என் அறையில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன். ஜெனரேட்டருக்கு டீசல், மேன்லேண்டிலிருந்து வரும் டாக்டருக்குக் கூடுதல் சம்பளம், கப்பல் தாமதமானால் விமானத்தில் வரும் மருந்து. மிச்சம் பிடிக்காத தர்ம ஆஸ்பத்திரி மூன்றாம் வருடம் பூட்டிவிடும். அப்படிப் பூட்டிய ஒன்றை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“மிச்சம் வேணான்னு நான் சொல்லலியே தம்பி. யார்கிட்டயிருந்து மிச்சம் பிடிக்கிறோம்னுதான் கேக்கிறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. கேள்வி சரியாக இருந்ததுதான் காரணம்.

அடுத்த மழைக்காலத்தில், தெற்கே வேறொரு தீவிலுள்ள ஹட் பேயிலிருந்து முனியம்மா என்ற பெண் பித்தப்பைக் கல்லோடு வந்து சேர்ந்தார். கணவர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை இழந்தவர். அறுவைச் சிகிச்சை முடிந்தது. ஏழைகளுக்கான சலுகை எங்களிடம் உண்டு, விண்ணப்பத்தோடு சொந்த ஊர் வருமானச் சான்று வேண்டும். சான்று வாங்கக் கணவர் கப்பலில் ஹட் பே போனார். கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்தானது. அவர் திரும்பி வர ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் முனியம்மா, நோய் குணமான பின்பும், பில் முடியாததால் படுக்கையில் இருந்தார். சான்று வந்தது, சலுகை கிடைத்தது. அக்கா பில்லோடு என் அறைக்குள் வந்தார்.

“தம்பி, இதைப் பாருங்க. நாம குடுத்த சலுகை இவ்வளவு. அந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்த ஆறு நாளுப் படுக்கை வாடகை இவ்வளவு.”

வாடகைதான் அதிகம்.

“கணக்கு சரியாத்தானே அக்கா இருக்கு?”

“சரியாத்தான் இருக்கு. அதான் பயமா இருக்கு.”

விதி விதிதான், என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்றேன். அவர் பில்லை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் கவுன்டர் கண்ணாடியில் மூன்று மொழியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘சலுகைக் காகிதம் வாங்கக் கப்பலில் போகிறவர்கள் கவனிக்கவும். நீங்கள் திரும்பி வரும்வரை படுக்கை வாடகை உண்டு.’

நிர்வாகம் கொதித்தது. மெமோவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது.

“இதை எடுத்துருங்க அக்கா.”

“பொய் எழுதியிருக்கேனா?”

“இல்ல.”

“அப்ப ஏலாது. மெமோவுல கையெழுத்துப் போடுறேன், குடுங்க.”

நான்கு நாள் அந்தத் தாள் இருந்தது. வாசித்தவர்கள் எங்களிடம் வந்து கேட்டார்கள், வெளியே போயும் பேசினார்கள். ஐந்தாம் நாள் நிர்வாகமே தாளை எடுக்கச் சொல்லி, காத்திருக்கும் நாட்களுக்கு இனி வாடகை இல்லை என்று உத்தரவு போட்டது. முனியம்மாவின் பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் இதை நல்ல கதையாகச் சொல்லி முடித்திருப்பேன். முடியவில்லை. சில மாதங்களில் நன்கொடையாளர்களுக்கான வழவழப்பான புத்தகத்தில் ‘கருணைப் படுக்கைத் திட்டம்’ என்று முனியம்மாவின் படம் வந்தது. படம் எடுத்தபோது எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவைப் பதவி உயர்வு என்ற பெயரில் பின்கட்டில் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். அங்கே வாசித்துக் காட்ட யாரும் இல்லை. இன்னொரு வேலையை நான் செய்தேன். வாடகை குறைந்ததால் உபரியில் விழுந்த ஓட்டையை அடைக்கச் சொன்னார்கள். பொது வார்டுப் படுக்கை வாடகையை எல்லோருக்கும் கொஞ்சம் ஏற்றி அடைத்தேன். சின்ன ஏற்றம், யாரும் கவனிக்கவில்லை.

அக்கா கவனித்தார். பதிவேட்டு அறையில் பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு யாருக்குத் தோன்றும்?

“ஹட் பே அம்மாவுக்குக் குடுத்ததை, பக்கத்து ஊரு பம்பூப்ளாட் அம்மாகிட்ட வாங்கியிருக்கோம். அப்படித்தானே தம்பி?”

“அப்படித்தான் அக்கா.”

“பெரிய மேசையில இருக்கிறவங்க யாரும் ஒண்ணும் குடுக்கலை.”

“இல்ல.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பில்களை அடுக்கி வைத்துவிட்டு, டீ குடிக்கப் போகலாமா என்று கேட்டார். எனக்கு அவர் திட்டியிருக்கலாம் என்றிருந்தது.

ராஜினாமா செய்துவிடுங்கள், இத்தனை கசப்போடு ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்று ஒருமுறை நானே கேட்டேன். “நான் போனா அந்த நாற்காலி காலியாவா இருக்கும்? கேக்காத ஒருத்தர் வந்து உக்காருவாங்க” என்றார். ஓய்வு பெறும் நாள் வரை இருந்தார். விழாவில் வெள்ளி விளக்கு கொடுத்தார்கள். அதை உபரியிலிருந்து வாங்கினீர்களா என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். நல்லவேளை, கேட்கவில்லை.

நோய் வந்ததும் அவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எங்களிடமே வந்து படுத்தது எனக்குப் புரியவில்லை. இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு பார்க்கப் போனேன். உடல் பாதியாகியிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய், அதன் மேல் மூக்குக் கண்ணாடி, கையில் அன்றைய இடைக்கால பில். ஏன் இங்கே வந்தீர்கள் என்றேன்.

“இங்கன்னா எல்லாம் தெரிஞ்ச மொகம். சண்டை போடலாம்.” மூச்சு வாங்கியது. “ரெண்டு டிரெஸ்ஸிங் போட்டதா எழுதியிருந்தாங்க, போடலை. கேட்டேன், எடுத்துட்டாங்க. பில்லு போடுற அந்தப் புள்ளை நல்ல புள்ளை, மன்னிப்புக் கேட்டுச்சு.”

அவர் முகத்தில் அத்தனை திருப்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதுதான் எங்கள் கடைசிச் சந்திப்பு.

சென்ற ஞாயிறு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஆஸ்பத்திரி சார்பில் ஒருவர் வந்து, அவர் கருணையே உருவானவர், எல்லோரிடமும் மென்மையாகப் பேசுவார், புன்னகை மாறாதவர் என்றார். அக்கா மென்மையானவர் அல்லர். பேசுகிறவரை முடிக்க விடமாட்டார். என் இந்தியைத் திருத்துவார். ஸ்கூட்டரில் ஏறச் சொன்னால் மழையில் நடந்து வருவார். அவர் புன்னகைத்து நான் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம். அவரைக் கருணை என்று சொல்லிவிட்டால் அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சலுகை விதியில் ‘பணியில் உள்ளவர்’ என்ற சொற்களை மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட பதில்களை வருடக்கணக்கில் தட்டச்சு செய்தவன் நான், அதன் பொருள் எனக்குத் தெரியும். இன்னொரு கடிதம் எழுதுவேன்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று சரசு கேட்டார். புகைப்படம் ஏதும் வேண்டுமா என்பதற்காகக் கேட்டார். வேண்டாம் என்றேன். எட்டு வருடம் அவர் என்மேல் ஏற்றிவைத்த எரிச்சல் இருக்கிறது. முன்பெல்லாம் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டால் அது போய்விடும். இப்போது போவதில்லை. போகவும் வேண்டாம்.