அம்மப்பாவின் ஆங்கிலம்

ஊர் உறங்கும் நேரத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களை ரெலிஃபோனில் பிடித்துக் கொடுப்பதுதான் அப்போது என் தொழில். யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு கொமினிகேஷன் கடையில் இரவு வேலை. லைன் கிடைக்க வேண்டுமென்று கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நீள மர வாங்கில் தவம் கிடந்தவர்களே, உங்களுக்கு அந்த இடத்தை நான் விளக்கத் தேவையில்லை. பழைய அகராதி ஒன்றை வைத்து அங்கேதான் ஆங்கிலம் படித்தேன். எழுத்து அகராதியில் கிடைத்தது. உச்சரிப்பு வாங்கில் இருந்தவர்களிடம் பொறுக்கியது. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் என்னிடம் நாலு உச்சரிப்பு இருக்கிறது. ஒன்றுகூட என்னுடையதில்லை.

விடிய வரும் மாஸ்டர்

யாழ்ப்பாணத்தில் முப்பது வருசம் ஆங்கிலம் படிப்பித்த மாஸ்டர் ஒருவர், பக்கத்து லொட்ஜில் தங்கி விசாவுக்குக் காத்திருந்தார். மனைவி முன்னமே ரொறன்ரோவில், மகளோடு. மாஸ்டர் ஞாயிறு விடியக் கடைக்கு வருவார். கனடாவில் அப்போது சனி பின்னேரம், பேத்தி வீட்டில் நிற்பாள். அவளுக்கு ஆங்கிலம் மட்டும்தான். மாஸ்டருக்கு அதில் உள்ளூர ஒரு பெருமை. "அம்மம்மாதான் அங்க ஊமை, தம்பி. நான் போனால் பிள்ளைக்குக் கதைக்க ஆள் கிடைச்சிடும்" என்பார்.

லைன் பிடித்துவிட்டதா என்று பார்க்க, மேசை ரிசீவரை நானும் கொஞ்ச நேரம் காதில் வைத்திருப்பது வழக்கம். மாஸ்டர் வகுப்பில் டிக்டேஷன் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லையும் அழுத்தி, "வட் டிட் யூ ஈற் ருடே, மை சைல்ட்?" என்றார். அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் தாயைக் கூப்பிட்டது: "மாம், ஐ டோன்ட் நோ டமில்!"

செக்கிங்

அந்த நாட்களில் தெருவில் தமிழைச் சத்தமாகக் கதைக்கப் பயம். வாசலில் காக்கிச் சட்டை தெரிந்தால் போதும், வாங்கு முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். ஆனால் எங்கள் ஆங்கிலமும் யாழ்தேவி ரயிலில் ஏறி வந்ததுபோலத்தான் இருக்கும். ஒருநாள் அடையாள அட்டை பார்க்க வந்த பொலிஸ்காரரிடம் ஓர் அம்மா, "வீ ஆர் வெயிற்றிங் ஃபோர் ரெலிஃபோன், சேர்" என்று அட்டையை நீட்டிக்கொண்டே சொன்னார். பொலிஸ்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "தமிழ்லயே பேசுங்க அம்மா. எனக்கும் இங்கிலீஷ் வராது."

வோட்டரும் வாடரும்

காலையில் வந்து என்னை வீட்டுக்கு அனுப்புகிறவர் நிமல், கல்கிசைச் சிங்களவர். ‘ஸ்கூல்’ அவர் வாயில் ‘இஸ்கூல்’. மாஸ்டர் கூண்டுக்குள் நின்று தண்ணீரைச் சொல்லும் ‘வோட்டர்’ என்பதை ‘வாடர்’ ஆக்கப் பழகுவதை அவர் சில நாள் பார்த்திருக்கிறார். ரொறன்ரோ மகள் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு. பேத்தி அதைக் கேட்டுச் சிரித்தாள்; மாஸ்டருக்குச் சந்தோஷம். அவள் சிரித்தது தன்னைப் பகிடி பண்ணி என்பது மூன்றாம் தரம்தான் அவருக்கு விளங்கியது. கூண்டை விட்டு வெளியே வந்தவரிடம் நிமல் சொன்னார்: "மாஸ்டர் மாத்தயா, எங்களுக்கு விளங்குதுதானே. பழைய மாதிரியே சொல்லுங்க."

விசா

தூதரக நேர்முகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாமென்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அதிகாரி ஒவ்வொரு பதிலையும் இரண்டு தரம் கேட்டுவிட்டு, மரியாதையாக, மொழிபெயர்க்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கூப்பிட்டாராம். மாஸ்டர் பிடிவாதமாக ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாராம். அந்தப் பிள்ளை அதையே தன் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னதாம்.

விசா கிடைத்தது. வீட்டுக்குச் சொல்ல மாஸ்டர் கடைக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை இரவு. "விடிய வாங்கோ மாஸ்டர். பேத்தி நிற்பாள், அவளிட்டயே சொல்லலாம்" என்றேன். மாஸ்டர் கூண்டுக் கதவைத் திறந்தார். "இப்பவே எடும் தம்பி. அங்க இப்ப பகல், பிள்ளை பள்ளிக்கூடத்தில நிக்கிற நேரம்."

கடல் தாண்டி எத்தனையோ பேருக்கு லைன் எடுத்துக் கொடுத்த எனக்கு, ஆங்கிலம் தெரிந்த ஒரு கிழவருக்கும் ஆங்கிலம் தெரிந்த ஒரு பிள்ளைக்கும் நடுவில் மட்டும் கடைசிவரை லைன் கிடைக்கவில்லை.